ஓய்வெடுக்க ஊவாவுக்கு வந்தவர்கள்

பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டி ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வரும்போது ரயில் இலங்கையின் ஊவா மாகாணத்துக்குள் வந்துவிடுகிறது. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை ஏறத்தாழ 290 கிலோமீட்டர். மேற்கே மழைமூட்டமும் கிழக்கே காய்ந்த பத்தனைப் புல்வெளியுமாக வானமே இரண்டாகப் பிரிவது இந்த இடத்தில்தான். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலையைத் தாண்டி வரும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு அதன் மணத்தைக் கொடுக்கிறது. அப்புத்தளைக்கு 1893இலும் பதுளைக்கு 1924இலும் வந்து சேர்ந்த இந்தப் பாதை தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்கவும் அரிசி மூட்டைகளை மேலே ஏற்றவும் போடப்பட்டது. இன்று முன்பதிவுப் பெட்டிகளில் பாதி முகங்கள் ஐரோப்பிய முகங்கள். அவர்களில் தலை நரைத்த சிலர் எல்லவிலும் பண்டாரவளையிலும் தங்கியே விடுகிறார்கள். அதற்கு அரசாங்கமே வழி வைத்திருக்கிறது. 55 வயது கடந்த வெளிநாட்டவர் 15,000 அமெரிக்க டாலரை வங்கியில் வைப்பிலிட்டு, மாதம் 1,500 டாலர் வெளியிலிருந்து தருவித்தால் ‘மை ட்ரீம் ஹோம்’ என்ற விசா இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

இப்படி ஓய்வுக்காலத்தை அயல்நாட்டில் கழிப்பவர் எவருக்கும் அந்த நாட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். கறிக்கடையில் விலை, மின்வெட்டு, அரசு அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்கு எத்தனை நாள், எந்த மந்திரி தேறுவார், எவர் தேறமாட்டார். உள்ளூர்க்காரர் கண்ணுக்குப் பழகிப்போனதை வந்தவர் கண் பிடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கருத்துக்கு எவ்வளவு எடை போடுவது? சொல்பவர் அங்கே எத்தனை ஆண்டு இருந்தார் என்று கேட்பதுதான் வழக்கம். ஊவாவின் வரலாற்றைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று தோன்றுகிறது. அந்த நாட்டு அரசியல் தவறாகப் போனால் அவருக்கு என்ன நட்டம்? ஐம்பது ஆண்டு இருந்தாலும் நினைத்த நாளில் கப்பலேறக்கூடியவரின் கருத்துக்கு இந்த மலைகளில் அளவுக்கு மீறிய எடை இருந்திருக்கிறது. போக இடமே இல்லாதவரின் கருத்தோ, அவர் பிறந்த மண்ணிலேயே அந்நியரின் கருத்தாகத் தள்ளப்பட்டிருக்கிறது.

அப்புத்தளைக்கு மேற்கே சில கிலோமீட்டரில் ஆடிஷாம் பங்களா நிற்கிறது. கட்டியவர் சர் தோமஸ் வில்லியர்ஸ். இங்கிலாந்துப் பிரதமராக இருந்த லோர்ட் ஜோன் ரஸ்ஸலின் மகள்வழிப் பேரன்; கென்ட் மாவட்டத்து ஆடிஷாம் கிராமத்தில் பாதிரியார் வீட்டில் பிறந்தவர். 1887இல் பதினெட்டு வயதில் இலங்கை வந்து தோட்டத் தொழில் பழகி, பின்னர் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவராக உயர்ந்தார். பிறந்த ஊரின் பெயரையே வீட்டுக்கு வைத்து, கருங்கல் சுவரும் பர்மாத் தேக்குமாக, ஆங்கிலேயப் பழங்காலப் பாணியில் 1931இல் அதைக் கட்டி முடித்தார். தோட்டத்தில் ரோஜா, உள்ளே நூலகம், குளிருக்குக் கணப்படுப்பு. வந்த நாட்டில் பிறந்த நாட்டைக் கட்டிக்கொள்ளும் ஆசைக்கு இதைவிட நல்ல சாட்சி இந்த மலையில் இல்லை. அவர் சும்மா இருந்து கருத்துச் சொன்னவரும் அல்லர். சட்டநிரூபண சபையில் ஐரோப்பியர் பிரதிநிதியாக இருந்தார். நாட்டின் வணிக வரலாற்றைப் பற்றி 1940இல் புத்தகமும் எழுதினார். சுதந்திரம் வந்தபின் வீட்டை விற்றுவிட்டு இங்கிலாந்து திரும்பினார். 1960களின் தொடக்கத்திலிருந்து அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் செய்யும் ஜாமை வாங்கிக்கொண்டு பயணிகள் படம் எடுத்துப் போகிறார்கள். வில்லியர்ஸ் போனதில் குற்றம் ஒன்றும் இல்லை. அறுபது ஆண்டு வாழ்ந்த நாட்டை விட்டுப் போக அவருக்கு எவரிடமும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

அவர் அமர்ந்த சபையின் கணக்கு சுவையானது. 1921 குடிக்கணக்கில் இலங்கையில் ஐரோப்பியர் பத்தாயிரத்துக்கும் குறைவு. இந்தியத் தமிழர் ஆறு லட்சத்துக்கு மேல். 1924இல் சீர்திருத்தப்பட்ட சபையில் நகர்ப்புறம், நாட்டுப்புறம், வணிகம் என்று ஐரோப்பியருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் மூன்று, இந்தியருக்கு இரண்டு. அந்த இரண்டுக்கும் வாக்களிக்கச் சொத்தோ படிப்போ வேண்டும் என்பதால் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் வாக்காளர் அல்லர். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்குரிமை தந்தபோது தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் தடை எழுப்பப்பட்டது. ஐந்தாண்டு வாழ்ந்தால் போதும் என்று ஆணைக்குழு சொன்னதை ஆளுநர் ஸ்டான்லி திருத்தினார். நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும் என்றானது. இங்கேயே இருக்கப்போகிறாயா என்று கேட்கப்பட்டவர் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தவர். பங்களாவில் இருந்தவரிடம் அந்தக் கேள்வியை யாரும் அரசியல் பிரச்சினையாக்கவில்லை.

தோட்டத்துத் துரைமார் இந்த மக்களை அறியாதவர்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தவர்கள், பிள்ளை பிறந்தாலும் கிழவர் செத்தாலும் தெரிந்தவர்கள், தமிழ் பேசியவர்கள். கொழும்பில் இருந்த கறுப்புத் தோல் கனவான்கள் பலருக்கு இந்த அறிமுகம் கிடையாது. ஆனால் துரைமார் தமிழ் கற்ற விதத்தைப் பார்க்க வேண்டும். சின்னத்துரைமாருக்காக 19ஆம் நூற்றாண்டில் அச்சான கையடக்கத் தமிழ்ப் புத்தகம் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’. வா, போ, நில், பேர் வெட்டுவேன் என்று ஏவலில் தொடங்கி ஏவலில் முடியும் மொழியில் எதிராளி சொல்வதைக் கேட்க இடம் இல்லை. பேர் என்பது இங்கே ஒரு நாள் கூலிக்கான பதிவு. பேர் வெட்டினால் அன்றைய கூலி போயிற்று. எதிராளியின் கூலியை வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மனத்தை அறிந்தேன் என்பவரின் சாட்சியத்தை எந்த நீதிமன்றமும் கொஞ்சம் யோசித்துத்தான் ஏற்கும். பெயர்களிலும் இதைப் பார்க்கலாம். கம்பெனிப் பதிவில் ஒரு பெயர், சிங்களத்தில் ஒரு பெயர், லயத்தில் வேறொரு பெயர். டெல்பெத்த என்ற பதுளைத் தோட்டத்தை மக்கள் தெளிவத்தை ஆக்கிக்கொண்டார்கள். அந்தப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் 2022இல் மறையும் வரை எழுதியது பங்களாவிலிருந்து தெரியாத ஊவாவைத்தான். தேயிலை வணிகர் லிப்டன் 1890இல் வாங்கிய தம்பேத்தன்னைத் தோட்டத்தின் உச்சியில் அவர் அமர்ந்து பார்த்த இடத்துக்கு இன்றும் ஆட்டோ போகிறது. அங்கிருந்து தெரியும் காட்சி பேரழகு. லயங்கள் அங்கிருந்து தீப்பெட்டி அளவில் தெரியும்.

எல்லா வெள்ளையரும் ஒரே மாதிரி இல்லை என்று சொன்னால் அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மார்க் பிரேஸ்கேர்டில் 1936இல் தோட்டத் தொழில் பழக வந்த ஆஸ்திரேலிய இளைஞர். கண்டிப் பக்கத்துத் தோட்டம், ஊவா அல்ல. தொழிலாளர் பக்கம் சாய்ந்து இடதுசாரி சமசமாஜக் கட்சி மேடையில் பேசினார். 1937 ஏப்ரலில் நாட்டை விட்டு வெளியேற ஆளுநர் ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். அந்தக் கட்டளை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அண்மைக் காலத்திலும் இதற்குச் சோடி உண்டு. 2022 அரசு எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிச் சமூக ஊடகத்தில் பதிவிட்ட பிரித்தானியப் பெண் ஒருவரின் விசா அதே ஆகஸ்டில் ரத்தானது. இந்த இரண்டும் என் வாதத்துக்கு எதிராக நிற்கவில்லை; துணை நிற்கின்றன. இவர்களின் சொல்லுக்கு எடை வந்தது அந்தச் சொல்லுக்காக எதையோ இழக்கத் துணிந்ததால். அதே அளவுகோலை லயத்துக்கு வைத்துப் பாருங்கள். 1940இல் வேலைநிறுத்த அலை ஊவாவுக்கு வந்தபோது பதுளையில் மே 12ஆம் தேதி தடையை மீறிச் சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா பேசினார். அருகே வேவஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, அதைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரையை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அடக்க வந்த ஆயுதப் போலீசாரின் துப்பாக்கிகளையும் பறித்தார்கள். அரசியல் தெரியாத கூலிக்கூட்டம் என்று எழுதிவைத்த நினைவுக்குறிப்புகளுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம். அந்த இயக்கம் நசுக்கப்பட்டது, தலைவர்கள் சிறை சென்றார்கள் என்பதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டியது.

அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவே தியத்தலாவை. இன்று படைமுகாம், 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் இங்கே அடைபட்டிருந்தார்கள். போர் முடிந்ததும் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் ஊர் திரும்பினார்கள். எங்கல்பிரெக்ட் என்பவர் கடைசிவரை மறுத்துவிட்டார். திரும்ப நாடு இல்லாமல் இலங்கையிலேயே தங்கி யால வனவிலங்குச் சரணாலயத்தின் முதல் காவலரானார். ஊவாவின் நாடற்றவர் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருக்கலாம். அவர் பிரமாணத்தை மறுத்ததால் நாடிழந்தார். அவருக்குப் பின் வந்த லட்சக்கணக்கானோர், பிரமாணம் எடுக்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள் என்று வரிசையில் நின்றும் நாடிழந்தார்கள்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது, பதுளையில் எஸ். எம். சுப்பையா. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே அரிதான லயத்தில் பூட்டனின் சான்றிதழுக்கு எங்கே போவது? 1949இல் இந்திய பாகிஸ்தானியருக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்கள் போய்விட்டதால் 1952இல் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதே நாடாளுமன்றத்தில், பிரதிநிதித்துவம் பெறாத நலன்களுக்காக என்று ஆறு நியமன இடங்கள் இருந்தன. அவற்றில் ஐரோப்பியர் தொடர்ந்து அமர்ந்தார்கள். மலையகத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமானும் 1960இல் இந்த நியமன வாசல் வழியாகத்தான் உள்ளே போக நேர்ந்தது. சில ஆயிரம் பேரின் நலனைப் பிரதிநிதித்துவம் வேண்டிய நலனாகக் கண்ட அரசுக்கு, தேயிலை ஏற்றுமதியின் முதுகெலும்பான மக்களின் நலன் நீண்ட காலம் கண்ணில் படவில்லை.

பிறகு 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. பத்தாண்டு கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பசறையிலும் லுணுகலையிலும் பிறந்தவர்கள் ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் ராமேசுவரம் இறங்கினார்கள். தமிழ்நாட்டு அரசு அவர்களுக்கு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. பார்த்தே அறியாத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று அந்தப் பெயரை வைத்தவர் யோசித்தாரா தெரியவில்லை. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களை அக்கம்பக்கம் ‘சிலோன்காரர்’ என்றது. இலங்கையில் ‘கள்ளத்தோணி’. அயல்நாட்டில் ஓய்வுக்காலம் கழிக்கும் பதுளைக்காரர் யார் என்று கேட்டால் என் விடை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மீண்டும் கொழுந்து பறித்து முதுமையடைந்த இவர்கள்தான். இவர்களுக்கும் இரு நாட்டு அன்றாடம் பற்றியும் அரசியல் பற்றியும் கருத்து உண்டு. ரேஷன் அரிசி எங்கே நல்லது, எந்த நாட்டுப் பள்ளிக்கூடம் தேவலை, எந்தத் தலைவர் ஏமாற்றினார் என்று ஒப்பிட்டுச் சொல்ல இவர்களைவிடத் தகுதியானவர் குறைவு. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களின் நினைவுக்குறிப்புகள் அலமாரி அலமாரியாகக் கிடைக்க, இவர்கள் சொன்னதில் அச்சேறியது சொற்பம்.

வலுவான மறுப்பு ஒன்று ஊவாவின் சிங்களக் கிராமத்திலிருந்து வரும். 1818 கிளர்ச்சியை ஒடுக்கப் பிரித்தானியர் இந்த மாகாணத்தின் வயல்களையும் வாய்க்கால்களையும் அழித்தார்கள். 1840இல் உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கும் சட்டம் வந்தது. அந்த நிலம் தோட்டமானது. நிலத்தை இழந்தவன் பார்வையில் துரையும் வந்தேறி, துரை கொண்டுவந்த கூலியும் வந்தேறி. இந்தக் கசப்பைப் பொய் என்று ஒதுக்க முடியாது. ஆனால் கணக்குத் தீர்த்த விதம் விசித்திரமானது. நிலத்தை எடுத்தவர் கையில் பத்திரம் இருந்தது. அதில் வேலை செய்தவர் கையில் இருந்தது கடன் எழுதிய துண்டு. 1975இல் ஸ்டெர்லிங் கம்பெனிகளின் தோட்டங்களை அரசு எடுத்தபோது கம்பெனிகளுக்கு நட்டஈடு உண்டு. அந்தக் காலத்திலேயே தோட்டங்களில் பஞ்சம் பட்டினி தலைவிரித்தாடியது. 1983 ஜூலையில் பதுளை நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்தன. பழைய பாவத்தின் சம்பளம் பங்களாவுக்குப் போகவேண்டியது; லயத்து முகவரிக்கே ஒவ்வொரு முறையும் வந்து சேர்ந்தது.

சரி, குடியுரிமைதான் 1988, 2003 சட்டங்களோடு முழுமையாகக் கிடைத்துவிட்டதே, இன்னும் பழங்கதை எதற்கு என்பார் உண்டு. வாக்கு கிடைத்தது பெரிய காரியம். 2024 நவம்பரில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல் நாடாளுமன்றம் போனார். மலையகத் தமிழ்ப் பெண்கள் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. ஆனால் வாக்கு வந்தபின்னும் விலை யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி மாறவில்லை. நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று 2015இல் எழுந்த கோரிக்கை 2021இல் நிறைவேறியது. அப்போது டாலர் 200 ரூபாய். அந்தக் கூலி ஐந்து டாலர். அடுத்த ஆண்டு நாணயம் சரிந்து டாலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதே ஆயிரம் மூன்று டாலருக்கும் கீழே போனது. மாதம் 1,500 டாலர் தருவிக்கும் ஓய்வாளருக்கோ மூன்று லட்சம் ரூபாய் 5,40,000 ரூபாயானது. வீட்டு வாடகையும் காய்கறியும் விலை ஏறினாலும் இடைவெளியைத் தாங்க அவருக்கு இடம் இருந்தது. பெட்ரோல் வரிசையிலும் மின்வெட்டிலும் இருவரும் நின்றிருக்கலாம். இருவர் அனுபவமும் ஒன்று என்று எழுதினால் அது பொய். அரசாங்கத்தைப் பற்றி ஒருவர் சலித்துக்கொள்ள முடியும். மற்றவர் ஒரு வேளையைக் குறைக்க வேண்டியிருந்தது.

எல்லவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் தாண்டி, தெமோதரையில் தன் வாலையே சுற்றி நிலையத்துக்கு அடியில் நுழைந்து, ரயில் பதுளையில் நின்றுவிடுகிறது. அங்கே புனித மாற்கு தேவாலயம் மேஜர் ரோஜர்ஸ் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து சாலைகள் போட்டவர். ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்றும் பெயர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். ஒருவர் சாவுக்குத் தேவாலயம் எழுந்த இதே மாவட்டத்தில், கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. எச்சரித்தபின்னும் ஏன் போகவில்லை என்று வெளியிலிருந்து கேட்டவர்கள் பலர். போவதற்கு இவர்களுக்கு வேறு இடம் எழுதித் தரப்படவில்லை என்பதே விடை. அதற்குப் பின்தான் ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு என்ற திட்டம் வேகம் பிடித்தது. இந்திய உதவி வீடுகளும் சேர்ந்து வருகின்றன. இன்னும் லயத்தில் இருப்பவர்கள் ஏராளம். ஊழியர் சேமலாப நிதியை ஆண் 55 வயதில், பெண் 50 வயதில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கூடை இறக்கியபின் லயத்து அறையான காம்பராவில் இருக்க, தோட்டக் கணக்கில் பிள்ளை பெயரோ மருமகள் பெயரோ இருந்தால் நிம்மதி. 55 வயதில் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு விசா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அதே வயதில், அதே மலையில் பிறந்து, அதே மலையில் கூடை இறக்கியவர்களில் பெரும்பாலோர் குடியிருக்கும் காம்பராவுக்கு உரிமைப் பத்திரம் இல்லை.